மாசிச் சருகும் சித்திரை வெயிலும்

மாசி மாதம் பிறந்துவிட்டால் நம் ஊர்த் தெருக்களில் இரண்டு காரியங்கள் தவறாமல் நடைபெறுகின்றன. வேப்பமரமும் அரசமரமும் வாதாமரமும் இலைகளை உதிர்க்கின்றன. நாம் அந்த இலைகளைக் கூட்டிக் குவித்துக் கொளுத்துகிறோம். முன்னதை இயற்கை செய்கிறது. பின்னதை நாகரிகம் செய்கிறது. காலையில் காபி அருந்தியதும் வாசலைப் பெருக்கி, சருகைக் குவித்து, தீக்குச்சி ஒன்றைக் கிழித்துப் போட்டுவிட்டு, புகை எதிர்வீட்டு ஜன்னலுக்குள் நுழைகிறதைப் பார்த்தும் பாராதவர்போல் உள்ளே போய்விடுகிறவர்கள் நம்மில் எத்தனையோ பேர். ஒரு காலத்தில் நாமும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவரே என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம்.

இந்த மாசியில் முதன்முதலாகத் தோட்டம் போட எண்ணியிருக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறோம். தோட்டம் என்றால் ஏக்கர் கணக்கில் அல்ல. கிணற்றடியை ஒட்டி இரண்டு பாத்தி. மதிலோரம் ஒரு பந்தல். அதுவும் இல்லாதவர்களுக்கு மொட்டைமாடியில் பத்துத் தொட்டிகள். அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு பாத்திகள் சித்திரை வெயிலில் பிழைக்குமா, பிழைக்காதா என்பது, இன்று வாசலில் கிடக்கும் சருகை நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பெரிதும் பொறுத்திருக்கிறது. சிறிய விஷயம்தான். எனினும் இதைத் தெரிந்துகொள்ள நமக்கு ஒரு கோடைக்காலமும் முப்பத்தொன்பது செடிகளும் செலவாயின.

நமது முதல் தோட்டம்

சில ஆண்டுகளுக்கு முன்பு நமக்குத் தோட்ட ஆசை பிறந்ததும் ஒரு மாசி மாதத்தில்தான். அப்பொழுது கும்பகோணத்துக்கு அருகே, கொல்லையுடன் கூடிய ஒரு வீட்டில் குடியிருந்தோம். மாசி மாதத்துக் காலைப் பொழுதைப்பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. பனி விலகிவிட்டது, வெயில் இன்னும் சினம் கொள்ளவில்லை, மாமரத்தில் பூங்கொத்துகளைத் தேனீக்கள் மொய்க்கின்றன, முருங்கை வெள்ளை வெளேரென்று பூத்து நிற்கிறது. எந்த மனிதனுக்கும் மண்வெட்டியைக் கையில் எடுக்கலாமா என்று தோன்றும் காலம் அது.

வழவழவென்ற படங்களுடன் கூடிய ஆங்கிலப் புத்தகம் ஒன்றை வாங்கிப் படித்தோம். வசந்தத்தின் தொடக்கத்தில் நாற்றுகளை நடுக, மரங்களைக் கவாத்துச் செய்க, சூரியனை வரவேற்கத் தோட்டத்தைத் திறந்து வைக்க என்று அது கூறியது. உடனே கடைக்குப் போய்த் தக்காளி, கத்தரி, மிளகாய், பூக்கோசு, ரோஜா என்று நாற்பது கன்றுகள் வாங்கி வந்தோம். ஒரே நாளில் நட்டு முடித்தோம். தரையில் ஒரு துரும்பு கிடக்கக் கூடாதென்று சருகையெல்லாம் வாரிக் கொளுத்தினோம். தோட்டம் கண்ணாடிபோல் இருந்தது. வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் கொல்லைக்கு அழைத்துப் போய்க் காட்டினோம்.

பங்குனி முற்பாதி வரையில் குறைவில்லை. பிற்பாதியில் பூக்கோசு பூவும் தராமல் கோசும் தராமல் மறைந்தது. சித்திரை பிறந்ததும் தக்காளி இலைகள் சுருண்டன. காலையில் ஊற்றிய தண்ணீர் பத்து மணிக்கு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மாலையிலும் ஊற்றினோம், பிறகு நடுப்பகலிலும் ஊற்றினோம். கிணறு இறங்கியது, செடிகளும் இறங்கின. அக்கினி நட்சத்திரம் முடிந்தபோது உயிரோடு இருந்தவை மூன்று. குளியலறைத் தண்ணீர் ஓடும் வாய்க்காலோரத்தில் நின்ற ஒரு மிளகாய்ச் செடி. யாரும் நடாமல் தாமே முளைத்திருந்த இரண்டு பப்பாளிக் கன்றுகள். ஆகவே நாற்பதில் ஒன்று என்பதே சரியான கணக்கு.

அந்த நாட்களில் நம் தெருவுக்குக் கீரை கொண்டுவரும் பாட்டி ஒருத்தி உண்டு. நாம் வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டு கூடையை இறக்கிவைத்தாள்.

“என்ன தம்பி, எல்லாம் போச்சா?”

“ஆமாம் பாட்டி. தண்ணீர் ஊற்றாத நாளே கிடையாது. இருந்தும் போய்விட்டது.”

“மாசியிலே வாசல்லே புகை போட்டியே, நான் பார்த்துக்கிட்டுத்தானே போனேன். சோத்தைக் கொளுத்திப்போட்டு, பிள்ளைங்க பட்டினி கிடக்குதேன்னு அழுதா எப்படித் தம்பி?”

அவள் வேறொன்றும் சொல்லவில்லை; இரண்டு கட்டு அரைக்கீரை கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அக்கினி நட்சத்திரத்திலும் அவளுக்குக் கீரை விளைந்துகொண்டிருந்தது என்பதை அப்பொழுதுதான் கவனித்தோம். மறுநாளே அவள் தோட்டத்தைப் பார்க்கப் போனோம். பாத்திகளில் மண்ணே கண்ணுக்குத் தெரியவில்லை, எங்கும் சருகு. ஓரிடத்தில் சருகை விலக்கி விரலை விட்டுப் பார்த்தோம். உள்ளே மண் ஈரமாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது.

யாருடைய வசந்தம்?

நமது புத்தகம் பொய் சொல்லவில்லை. அது வேறு நாட்டுக்காக எழுதப்பட்டது, அவ்வளவே. இங்கிலாந்து போன்ற குளிர் நாடுகளில் மார்கழி, தை மாதங்களில் மரங்கள் உறங்குகின்றன. வசந்தத்தில் மண் சூடேறத் தொடங்கிய பிறகே விதை கண் விழிக்கிறது. ஆகவே அங்கே தோட்டக்காரன் சூரியனை எதிர்கொண்டு அழைக்கிறான். நமது தமிழ்நாட்டுச் சமவெளியின் கதை நேர்மாறானது. நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவங்களாக வகுத்தபோது மாசியையும் பங்குனியையும் பின்பனிக்கு வைத்து, சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்றார்கள். மாசி என்பது வெயிலை வரவேற்கும் மாதமன்று. வெயிலுக்கு எதிராகக் கோட்டை கட்டும் மாதம்.

காரணம் எளிது. நம் மாநிலத்துக்கு ஆண்டில் கிடைக்கும் மழையில் ஏறக்குறையப் பாதியை ஐப்பசி, கார்த்திகையைச் சுற்றி வரும் வடகிழக்குப் பருவமழையே கொடுத்துவிடுகிறது. தை முதல் பங்குனி வரையில் வானம் பெரும்பாலும் கையை விரித்துவிடும். மாசியில் மண்ணுக்குள் இருக்கும் ஈரம் கார்த்திகையில் கிடைத்த சீதனம். அதைச் சித்திரை வரையில் காப்பாற்றுகிறவனே தோட்டக்காரன்; மாசியிலேயே செலவழித்துவிடுகிறவன் நம்மைப்போல் முதலாண்டுக்காரன்.

கவாத்து விஷயமும் இப்படித்தான். குளிர் நாட்டில் வசந்தத்துக்கு முன் மரம் உறங்கும்போது வெட்டுகிறார்கள். இங்கே அதே மாதத்தில் மாவும் முருங்கையும் பூத்து நிற்கின்றன. குண்டுமல்லி அரும்பு விடத் தொடங்குகிறது. மல்லிகையைக் கார்த்திகையில் கவாத்துச் செய்வதே நம் வழக்கம். மாசியில் கத்தரிக்கோலை எடுத்தால் கோடைப் பூவை எடுத்ததாகும். உலர்ந்த குச்சியையும் ஒடிந்த கிளையையும் மட்டும் நீக்குங்கள். பூத்த மரத்துக்கு மருந்து தெளிக்கவும் வேண்டாம். தேனீக்கள் வேலை செய்யும் இடத்தில் நாம் குறுக்கிடுவது காய்ப்பைக் குறைக்கும்.

முதல் வேலை: நிழலைப் பார்த்தல்

மண்வெட்டியைத் தொடுமுன் ஒரு நாள் முழுதும் கொல்லையில் நிழல் எங்கே விழுகிறதென்று பார்த்துவிடுங்கள். மாசித் தொடக்கத்தில் நடுப்பகற் சூரியன் தெற்கே சாய்ந்து நிற்கிறான். கும்பகோணத்தில் அப்பொழுது 10 அடி உயரச் சுவரின் வடபுறத்தில் சுமார் 4 அடி நிழல் விழும். முதலாண்டுக்காரர் அதைக் கண்டு, ஆஹா, நல்ல குளிர்ந்த இடம் என்று அங்கே நட்டுவிடுவார். சித்திரை பிறக்கும்போது சூரியன் ஏறக்குறைய உச்சிக்கு வந்துவிடுகிறான். அந்த நான்கடி நிழல் சில அங்குலமாகச் சுருங்கிவிடுகிறது. நிழலை நம்பி வந்த செடி நடுத்தெருவில் நிற்கிறது.

உண்மையில் செடிகளைக் கொல்வது உச்சி வெயிலைக் காட்டிலும் பிற்பகலில் மேற்கிலிருந்து சாய்ந்து அடிக்கும் வெயிலே. ஆகையால் காலை வெயில் படும் கிழக்குப் பக்கமாகப் பாத்தியை அமைத்து, மேற்குப் பக்கத்தில் ஒரு தடுப்பு ஏற்படுத்துங்கள். வீட்டுச் சுவரே தடுப்பாக அமைந்தால் பாக்கியம். இல்லையேல் வரிசையாக நாலைந்து அகத்தி விதை போட்டு வைக்கலாம், அது விரைவில் வளரும், கீரையும் தரும். அகத்தி வளரும் வரையில் இரண்டு மூங்கில் நட்டுத் தென்னங்கீற்றைக் கட்டினால் போதும்.

இரண்டாம் வேலை: குடத்தை எண்ணுதல்

தோட்டம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதை இடத்தைப் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது. தண்ணீரைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். கோடையில் காய்கறிப் பாத்தி சதுர மீட்டருக்கு நாளொன்றுக்குச் சுமார் 5 லிட்டர் தண்ணீர் கேட்கும். 10 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள ஒரு பாத்தி 4 சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆகவே பாத்தி ஒன்றுக்கு 18 அல்லது 20 லிட்டர், அதாவது ஒரு பெரிய குடத்துக்குச் சிறிது அதிகம். சித்திரை மாதத்தில் குடிக்கவும் குளிக்கவும் போக உங்கள் வீட்டில் எத்தனை குடம் மிஞ்சும் என்று வீட்டு அம்மாளைக் கேளுங்கள். அந்த விடைதான் உங்கள் தோட்டத்தின் அளவு. முதல் ஆண்டில் இரண்டு பாத்திக்கு மேல் வேண்டாம் என்பது நமது யோசனை.

அரிசி களைந்த நீரையும் காய்கறி கழுவிய நீரையும் வீணாக்காமல் ஒரு வாளியில் பிடித்து வைத்தால் அதுவே ஒரு சிறு பாத்திக்கு உதவும். சோப்பும் சோடாவும் கலந்த நீரைக் கீரைக்கு விடாதீர்கள். குளியலறை நீர் ஓடும் வழியில் இரண்டு வாழைக்கன்று வைத்தால் அவை அதைக் குடித்துக்கொள்ளும்.

மூன்றாம் வேலை: மண்

ஒரு பிடி மண்ணை எடுத்து நீர் தெளித்துப் பிசைந்து உள்ளங்கையில் கயிறாகத் திரித்துப் பாருங்கள். கயிறு நீண்டு, வளையமாக வளைத்தாலும் முறியவில்லையானால் அது களிமண். தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் காய்ந்தால் கல்லாகிவிடும். கயிறாகவே வராமல் உதிர்ந்தால் அது மணற்பாங்கு; ஊற்றியதெல்லாம் கீழே ஓடிவிடும். இரண்டும் நேரெதிரான நோய்கள். மருந்து மட்டும் ஒன்றே. அது நன்கு மக்கிய தொழு உரம். களிமண்ணை அது இளக்குகிறது, மணலைக் கட்டுகிறது. பாத்தி ஒன்றுக்கு இரண்டு மூன்று கூடை எரு போட்டு, ஓரடி ஆழம் கொத்திக் கலந்து விடுங்கள். எரு மக்கிவிட்டதா என்று அறிய மூக்கே போதும். மழை பெய்த மண்ணின் வாசனை அடித்தால் மக்கிற்று என்று பொருள். சாண நாற்றமோ சூடோ இருந்தால் இன்னும் ஆகவில்லை. பச்சைச் சாணம் வேரைச் சுட்டுவிடும்.

பாத்தியை நாலடிக்கு மேல் அகலமாக அமைக்காதீர்கள். இரண்டு பக்கங்களிலிருந்தும் கை எட்ட வேண்டும். கொத்திய மண்ணை மறுபடியும் காலால் மிதிக்கக் கூடாது. மற்றொன்று மிக முக்கியம். மழைக்காலத்தில் பாத்தி தரைமட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். கோடைப் பாத்தியோ நாலு விரற்கடை தாழ்ந்து, சுற்றிலும் வரப்புடன் இருக்க வேண்டும். மேட்டுப் பாத்தியில் ஊற்றிய நீர் நாலாபக்கமும் வழிந்து போகும். பள்ளப் பாத்தியில் செடியின் காலடியிலேயே நிற்கும்.

நான்காம் வேலை: எதை விதைப்பது?

நம் உழவர்கள் தைப்பட்டம், மாசிப்பட்டம், சித்திரைப்பட்டம், ஆடிப்பட்டம் என்று விதைப்புக் காலங்களை வகுத்து வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய கணக்கின்படி மாசியில் நம்பிக்கையோடு விதைக்கத் தக்கவை வெண்டை, கொத்தவரை, வெள்ளரி, மற்றும் கீரை வகைகள். இவை வெயிலுக்கு அஞ்சாதவை. நாற்று விட்டுப் பிடுங்கி நட வேண்டிய தொல்லையுமில்லை. விதையை நேரே மண்ணில் ஊன்றலாம்.

வெண்டை விதையை இரவு முழுதும் நீரில் ஊறவைத்து, வரிசைக்கு வரிசை ஒன்றரை அடியும் செடிக்குச் செடி ஓரடியும் இடம் விட்டு ஊன்றுங்கள். நாற்பத்தைந்து, ஐம்பது நாட்களில் முதற் காய் பறிக்கலாம். மாசி முதல் வாரத்தில் ஊன்றினால் பங்குனி முடியுமுன் வெண்டைக்காய் வதக்கல் இலைக்கு வந்துவிடும். சிறுகீரை இன்னும் பொறுமையற்றவர்களுக்கு ஏற்றது. இருபத்தைந்து நாட்களில் பிடுங்கலாம். அரைக்கீரையோ கிள்ளக் கிள்ளத் தழைக்கும். கீரை விதை மிகப் பொடி. ஆகவே மணலோடு கலந்து தூவ வேண்டும். தூவிய விதையை எறும்புகள் ஊர்வலமாக எடுத்துப் போய்விடும். பாத்தியைச் சுற்றிச் சாம்பலோ வேப்பம் பிண்ணாக்குத் தூளோ இட்டால் ஊர்வலம் கலைந்துபோகும்.

கத்தரி, மிளகாய், தக்காளி ஆகியவற்றில் ஆசை உள்ளவர்கள் இந்த ஆண்டு ஆனியில் நாற்று விட்டு ஆடியில் நடலாம். முட்டைக்கோசும் பூக்கோசும் சமவெளியில் மழைக்காலத்தை ஒட்டிய குளிர்ச்சிக்கு உரியவை. மாசியில் அவற்றை நடுவது விருந்தாளியை அடுப்பங்கரையில் உட்கார வைப்பதற்கு ஒப்பாகும். கூடியவரையில் நாட்டு விதைகளை வாங்கி, முதற் செடிகளில் நன்றாயிருக்கும் ஒன்றில் இரண்டு காய்களைப் பறிக்காமல் முற்றவிடுங்கள். அவை காய்ந்ததும் விதையை எடுத்துச் சாம்பல் தடவி வைத்தால் அடுத்த ஆண்டு விதைக்காகக் கடைக்குப் போக வேண்டியதில்லை.

ஐந்தாம் வேலை: சருகு

இப்பொழுது பாட்டியின் பாடத்துக்கு வருகிறோம். வெறும் மண்ணின்மேல் வெயில் விழும்போது மண் கொதிக்கிறது. உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேறுகிறது. காற்று அதைத் துடைத்துக்கொண்டு போகிறது. மண்ணைத் துளைத்து இளக்கிவரும் மண்புழு குளிர்ச்சியைத் தேடி ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. அதே மண்ணின்மேல் மூன்று அங்குலம் சருகு பரப்பியிருந்தால் வெயில் சருகோடு நின்றுவிடும். இதற்கு மூடாக்கு என்று பெயர். நமது கொல்லையில் மூடாக்குப் போட்ட பிறகு, தினம் தண்ணீர் கேட்ட பாத்தி ஒருநாள் விட்டு ஒருநாள் கேட்டது.

வேம்பும் அரசும் எந்த மாதத்தில் இலை உதிர்க்கின்றன என்று சிறிது சிந்தித்துப் பாருங்கள். கோடை வருமுன் தமது தண்ணீர்ச் செலவைக் குறைத்துக்கொள்ள அவை இலைகளைக் களைகின்றன. அந்த இலைகளே அவற்றின் வேர்களுக்குப் போர்வையாகின்றன. காட்டில் யாரும் பெருக்குவதில்லை; யாரும் தண்ணீர் ஊற்றுவதுமில்லை. வெயிலுக்கு இரண்டு மாதம் முன்னதாக, வாசலுக்கே கொண்டுவந்து, இனாமாகக் கொடுக்கப்படும் குடையை நாம் தீ வைத்து எரிக்கிறோம்.

செய்யும் முறை எளிது. முதலில் பாத்திக்கு நன்றாகத் தண்ணீர் விடுங்கள். செடிகள் நாலு அங்குலம் வளர்ந்த பிறகே சருகைப் பரப்புங்கள். முளைக்குமுன் மூடினால் கீரை வெளியே வராது. தண்டைச் சுற்றி மூன்று விரற்கடை இடம் விடுங்கள். தண்டோடு ஒட்டிய ஈரச் சருகு அழுகலை உண்டாக்கும். பெரிய இலைகளைக் கையால் நொறுக்கிப் போட்டால் காற்றில் பறக்காது. கறையான் மிகுந்த மண்ணானால் சருகோடு வேப்பம் பிண்ணாக்குச் சிறிது கலந்து விடுங்கள். தென்னை மரம் உள்ளவர்கள் தேங்காய் மட்டைகளை, குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி, மரத்தைச் சுற்றிப் புதைத்து வைத்தால் அவையும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். மொட்டைமாடித் தொட்டிகளுக்கும் இதே வைத்தியந்தான். தொட்டி தரையைவிட விரைவில் காய்வதால் அங்கே சருகு இன்னும் அவசியம். தொட்டிகளைத் தனித்தனியே நிறுத்தாமல் நெருக்கி வையுங்கள், ஒன்றுக்கொன்று நிழலாகும்.

பாத்திக்குப் போக மிஞ்சிய சருகை மூன்றடி அகலத்தில் குவியலாக அடுக்குங்கள். அரை அடி சருகு. அதன்மேல் இரண்டு அங்குலம் சமையலறைப் பச்சைக் கழிவு. அதன்மேல் சாணிக் கரைசல். ஒரு கை மண். இப்படியே மூன்றடி உயரம் வரையில் அடுக்கி, பிழிந்த துணியின் ஈரம் இருக்கும்படி நீர் தெளித்து, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை புரட்டி விடுங்கள். ஏறக்குறைய மூன்று, நான்கு மாதத்தில் கறுத்த எரு கிடைக்கும். மாசியில் அடுக்கினால் ஆனியில் தயார்; ஆடிப்பட்டத்துக்குக் காசு கொடுத்து உரம் வாங்க வேண்டாம்.

இந்த முறைக்கு ஒரு சரித்திரமும் உண்டு. 1905-ல் இந்தியாவுக்கு வந்த ஆல்பர்ட் ஹோவர்ட் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி, இந்திய உழவனுக்கு விவசாயம் கற்பிக்கும் உத்தியோகத்தில் அமர்ந்தவர். சில ஆண்டுகளில், கற்பிக்க வேண்டியவர் தாம் அல்ல என்று அவருக்குப் புலப்பட்டது. உழவர்களையும் பூச்சிகளையுமே தமது பேராசிரியர்களாகக் கொண்டதாக அவர் பின்னர் எழுதினார். 1924 முதல் 1931 வரையில் இந்தூரில் பணியாற்றியபோது, இந்திய, சீனக் குடியானவர்களின் எரு முறைகளை ஆராய்ந்து, சருகும் சாணமும் சேர்த்து மூன்று மாதத்தில் எருவாக்கும் முறையை வகுத்தார். இந்தூர் முறை என்று உலகெங்கும் வழங்குவது அதுவே. குப்பையை வீணாக்காத குடியானவனின் வழியைக் கடல் கடந்த விஞ்ஞானி தலைவணங்கிக் கற்றுப் போனார். அதே நாட்டில் பிறந்த நாம் தீப்பெட்டியோடு நிற்கிறோம்.

ஆறாம் வேலை: காவல்

வெயில் ஏற ஏற அசுவினியும் மாவுப்பூச்சியும் வெள்ளை ஈயும் வரும். தினம் காலையில் இலைகளின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதே பாதி வைத்தியம். குழந்தைகளிடம் இந்த உத்தியோகத்தை ஒப்படைத்தால் மகிழ்ச்சியோடு செய்வார்கள். 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து, 1 லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலை வேளையில் தெளியுங்கள். வெண்டைச் செடியின் இலை நரம்புகள் மஞ்சளாகிவிட்டால் அது வெள்ளை ஈ பரப்பும் நோய். அந்தச் செடிக்கு மருந்தில்லை. இரக்கப்படாமல் பிடுங்கிவிட்டால் மற்றவை பிழைக்கும்.

வீட்டுத் தோட்டமும் நாடும்

இரண்டு பாத்திக் கீரைக்கு இத்தனை பிரசங்கமா என்று சிலர் கேட்கலாம். வங்காளத்தில் 1943-ம் ஆண்டுப் பஞ்சம் இலட்சக்கணக்கானவர்களைக் கொண்டுபோன நாட்களில், அதிக உணவு பயிரிடுக என்ற கோஷம் நாடெங்கும் எழுந்தது. 1965-ல், போரும் உணவுப் பற்றாக்குறையும் சேர்ந்து வந்தபோது, பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி தமது அரசாங்க இல்லத்தின் புல்வெளியையே உழுது பயிரிட்டார். அந்தப் புல்வெளியின் விளைச்சலால் தேசத்தின் பசி தீர்ந்துவிடாது என்பது அவருக்குத் தெரியாததல்ல. நிலம் வைத்திருக்கிறவன் அதை வெறுமே வைத்திருக்கலாகாது என்பதைச் சொல்ல அவர் கண்ட வழி அது.

இன்று கடையில் காய்கறி குவிந்து கிடக்கிறது, உண்மை. ஆயினும் தன் கையால் ஊன்றிய வெண்டையைப் பறித்து வந்து அம்மாவிடம் கொடுக்கும் குழந்தை, உழவனுடைய நெற்றி வியர்வையை ஒருபோதும் அலட்சியமாக நினைக்காது. தவிர, சருகுப் புகை வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் முதியோருக்கும் மூச்சுத் திணறலை உண்டாக்குகிறது. தேசீயப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பதை நாடு முழுவதும் தடை செய்து, மீறுவோருக்கு 5,000 ரூபாயிலிருந்து அபராதம் விதித்தது. சட்டத்துக்கு அஞ்சி நிறுத்துவதைவிட, சருகின் அருமை தெரிந்து நிறுத்துவது நமக்குப் பெருமை.

முதலாண்டுத் தோட்டம் சித்திரையில் கருகிப்போனால் பெரும்பாலோர், நமக்குக் கைராசி இல்லை என்று மண்வெட்டியை மூலையில் சாத்திவிடுகிறார்கள். பிறகு அந்த வீட்டில் ஆடிப்பட்டமும் வருவதில்லை. மறு மாசியும் வருவதில்லை. கொல்லைக்குச் சிமெண்டுத் தளம் வருகிறது. நாமும் அந்த நிலைக்கு வந்தவரே. கீரைக்காரப் பாட்டி அன்று கூடையை இறக்கிவைத்திராவிட்டால் நமது கொல்லைக்கும் அந்தக் கதிதான். மறு ஆண்டு இரண்டே பாத்தி போட்டோம். அக்கினி நட்சத்திரத்தின் நடுவில் ஒருநாள் பாட்டி வந்தபோது, “இன்றைக்குக் கீரை வேண்டாம் பாட்டி, வீட்டிலேயே இருக்கிறது” என்றோம். வியாபாரம் போயிற்றே என்று அவள் வருந்தவில்லை. கொல்லைக்கு வந்து, சருகை விலக்கி, மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, “ஈரமாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனாள். நாம் பெற்ற நற்சாட்சிப் பத்திரங்களில் அதற்கு ஈடானது வேறில்லை.

நாளைக் காலையில் உங்கள் வாசலிலும் சருகு விழுந்து கிடக்கும். தீப்பெட்டி அடுப்பங்கரையிலேயே இருக்கட்டும். நீங்கள் ஒரு கூடையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போங்கள்.